தாம்பரம் வட்டார விறகுப் பிளப்பில் கருவித் தேர்வு: ஒரு பன்முக நோக்கு

விறகு பிளக்க என்ன வேண்டும் என்று கேட்டால் பாமரர் 'கோடாலி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். ஒரே சொல்லில் முடிந்துபோனால் ஐந்து இயலும் மூன்று பின்னிணைப்பும் எங்கிருந்து வரும் என்ற கவலை அவர்களுக்கில்லை. அக்கவலையிலிருந்தே இவ்வாய்வு பிறந்தது.

ஆய்வெல்லை: வடக்கே பல்லாவரம், கிழக்கே மேடவாக்கம், மேற்கே முடிச்சூர், தெற்கே வண்டலூர் (உயிரியல் பூங்கா நீங்கலாக). கூடுவாஞ்சேரி சேர்க்கப்படவில்லை. அதை வேறொருவர் முனைவர் பட்டத்துக்குப் பதிந்துவைத்துவிட்டதாகக் கேள்வி.

வரலாற்றுப் பின்புலம்: 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிவந்தது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியானது. இம்மூன்றுக்கும் விறகுக்கும் என்ன தொடர்பு என்று நெறியாளர் கேட்கமாட்டார். இந்தப் பத்தி இல்லாவிட்டால்தான் கேட்பார்.

எரிவாயு உருளை எல்லா வீட்டுக்கும் வந்துவிட்ட காலத்தில் விறகை யார் பிளக்கிறார்கள் என்ற ஐயம் எழலாம். கல்யாணச் சமையல்காரர்கள், தம் போடும் பிரியாணி மாஸ்டர்கள், கோயில் மடைப்பள்ளிகள், ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் தெருக்கள் ஆகியோர் உளர். சுடுகாடும் உண்டு. அத்தகவலாளிகளிடம் பின்தொடர் நேர்காணல் சாத்தியப்படவில்லை.

அடுத்து, பிளக்கப்படும் பொருள். காலத்தை வ.மு., வ.பி. எனப் பிரித்துக்கொள்ளலாம், வர்தாவுக்கு முன், வர்தாவுக்குப் பின். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி அடித்த அப்புயல் குல்மோகரையும் தூங்குமூஞ்சியையும் வேரோடு சாய்த்துத் தெருவில் போட்டது. கத்தி பிடித்தறியாதவர்களெல்லாம் அன்று விறகுவெட்டிகளானார்கள். அவை எரிந்தனவோ இல்லையோ, நன்றாகப் புகைந்தன.

இவ்வட்டாரத்தின் முறையான விறகு சவுக்கு. ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து வந்த மரம். 1860-களில் செங்கல்பட்டுக் கடலோர மணலில் ரயில் இன்ஜின்களுக்கு எரிபொருளாக நட்டு வளர்த்தார்கள். கிலோவுக்கு ஏறத்தாழ 5,000 கிலோகலோரி வெப்பம் தரும். நாரோட்டம் நேராக இருப்பதால் காய்ந்த கட்டை ஓர் அடியில் 'டங்' என்று இரண்டாகும். வேலிக்காத்தான் கோணல், கணு, முள் மூன்றும் உடையது; அதைப் பிளப்பவர் வாயில் வரும் சொற்கள் தனி அகராதிக்குரியவை. புளியை முயலவே வேண்டாம். கறிக்கடைக்காரர் அதைத்தான் அடிக்கட்டையாகப் போட்டிருக்கிறார், ஆயுள் முழுக்க வெட்டு வாங்கியும் பிளக்காது என்ற ஒரே தகுதிக்காக.

இனிக் கருவிகள்.

அரிவாள்: சுள்ளிக்கு.

கடப்பாரை: பயன்படுத்துவோர் உளர். ஆய்வாளரின் அனுதாபங்கள்.

ஆப்பும் சம்மட்டியும்: கணு விழுந்த பெருங்கட்டைக்கு உரியவை. ஏற்கெனவே வெடிப்பு விட்ட இடத்தில் ஆப்பை ஊன்றிச் சம்மட்டியால் இறக்கவேண்டும். ஆப்பு சிக்கிக்கொண்டால் பக்கத்திலேயே இன்னோர் ஆப்பை இறக்கினால் முதலாவது தானே தளரும். இடையில் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதைக் கள ஆய்வு செய்த முன்னோடி பஞ்சதந்திரக் குரங்கு. தரவின்மீது தானே உட்கார்ந்து ஆராய்ந்த அத்தகைய அர்ப்பணிப்பு இன்று அருகிவிட்டது.

ஆன்லைனில் வரும் அயல்நாட்டுப் பிளப்புக் கோடாலி: சேலையூர் அடுக்ககம் ஒன்றின் ஐந்தாம் மாடியில் ஒன்று காணக்கிடைத்தது. பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. வாங்கியவரிடம் விறகு இல்லை.

கோடாலி: மெல்லிய வாய் உடையது, தடித்த வாய் உடையது என இருவகை. மெல்லியது நாரைக் குறுக்கே அறுப்பதற்கு. நின்ற மரத்தைச் சாய்க்க அதுவே ஏற்றது. அதைக் கொண்டு பிளக்கப்போனால் கட்டைக்குள் புதைந்துகொண்டு வெளியே வராது. பிளப்பதற்குக் கன்னம் புடைத்த கோடாலி வேண்டும். விளிம்பு வழிகாட்ட, கன்னம்தான் நாரை இருபுறமும் தள்ளிப் பிரிக்கிறது. கனமானதுதான் நல்லது என்ற நம்பிக்கை ஆண்மக்களிடையே பரவலாக உள்ளது. எடை இரட்டித்தால் அடியின் ஆற்றல் இரட்டிக்கும்; வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். எனவே ஒல்லியானவர் தூக்கமுடியாத கோடாலியை வாங்குவது இயற்பியலுக்கும் முதுகுக்கும் ஒருசேரச் செய்யும் துரோகம்.

இதுவரை கூறியவை தோற்றுவாய். ஆய்வின் மையம் காம்பு.

குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக்காம்பு என்று பழமொழி மரபு காம்பைத் துரோகியாக்கிவிட்டது. மரக்குலத்தின் நோக்கில் அது சரி. காம்பின் தரப்பை யாரும் விசாரிக்கவில்லை. அதன் உண்மையான குற்றம் ஆடுவது. தலை ஆடும் கோடாலி ஒருநாள் தனியே பறக்கும். எங்கே இறங்கும் என்பது அதற்கே தெரியாது. ஆட்டத்தை நிறுத்துவது எப்படி என்பதில் இவ்வட்டார அறிஞர்கள் மூன்று பள்ளிகளாகப் பிரிந்து நிற்கின்றனர்.

நீர்ப் பள்ளியினர் கோடாலியைத் தலைகீழாக வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போடுவர். மரம் உப்பி இரும்பைக் கவ்வும் (தகவலாளி 1, ஆண், பெருங்களத்தூர்). சிராய்ப் பள்ளியினர் இதை ஏற்பதில்லை. உப்பிய மரம் இரும்புக்குள் நசுங்குகிறது. கத்திரி வெயிலில் காய்ந்ததும் முன்னைவிட இளைத்து, முன்னைவிட ஆடும். ஆகவே காம்பின் உச்சியில் சிராய் வைத்து அடிப்பதே நெறி (தகவலாளி 2, தகவலாளி 1-இன் மைத்துனர், அவர் வெற்றிலை வாங்கப் போயிருந்தபோது). டியூப் பள்ளியினர் பிற்காலத்தவர். பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துக் காம்பில் சுற்றித் தலையை இறக்குவர் (தகவலாளி 3, பஞ்சர் கடை, 'நான் சொன்னேன்னு போடாதீங்க சார்' என்ற நிபந்தனையுடன்).

இம்மூன்றையும் சமரசப்படுத்தி, முதலில் டியூப், பிறகு சிராய், அதன்பின் தண்ணீர் எனக் கொள்வோரும் உளர் (தகவலாளி 2, மேற்கூறிய நிலைப்பாட்டைக் கைவிட்டு, தகவலாளி 1 திரும்பி வந்துவிட்ட காரணத்தால், டீக்காசு யார் கொடுப்பது என்ற உரையாடலின் ஊடே). சிராய்ப் பள்ளி சொல்வதே அறிவியல்படி சரி. ஆயினும் நீர்ப் பள்ளியினர் அன்று மாலையே கோடாலியை மறுபடி வாளியில் போட்டார்கள். நிரூபிக்கப்பட்ட கொள்கையைவிடப் பழகிய கொள்கைக்கே ஆயுள் அதிகம் என்பதைப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றியோர் அறிவர்.

முடிச்சூர் சாலை விறகுத்தொட்டி ஒன்றில் பிளப்பதை நேரில் கண்டபோது ஆய்வுக்குச் சிறு இடையூறு நேர்ந்தது. அங்கிருந்த பெரியவர் கட்டையை நிறுத்தும் முன் அதன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மயிரிழை வெடிப்பு ஒன்று தெரிந்தது. அந்தக் கோட்டின்மேலேயே, நடுவில் அல்லாமல் ஓரமாக, கோடாலியை இறக்கினார். வாய் பதிந்த கணத்தில் மணிக்கட்டை லேசாகத் திருகினார். கட்டை விரிந்தது. கோடாலி வாய் மழுங்கியிருந்தது, காம்பு ஆடிக்கொண்டிருந்தது, டியூபும் இல்லை, சிராயும் இல்லை. எப்பள்ளியைச் சார்ந்தவர் என்று வினவியதற்கு, "அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க சார்" என்றார்.

இத்தரவு கருதுகோளுடன் பொருந்தாமையால் பின்னிணைப்புக்கு மாற்றப்பட்டது.

இவ்வாய்வின் சுருக்கம் பன்னாட்டுக் கருத்தரங்கம் ஒன்றில் வாசிக்கப்பட்டது. 'பன்னாட்டு' என்பது மலேசியாவிலிருந்து ஜூம் வழி வந்து, ஒலி கேட்கவில்லை என்று இறுதிவரை கையசைத்துக்கொண்டிருந்த அன்பரைக் குறிக்கும். பதிவுக் கட்டணத்தில் மதிய உணவும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் அடங்கும். உணவு விறகடுப்பில் சமைத்தது. அவையில் அதைக் குறிப்பிட்ட ஒரே கட்டுரை இதுவே. விறகு பிளந்த அனுபவம் உண்டா என்று கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து கேட்டார். ஆய்வாளருக்கு அது கிடையாது. நடுநிலைக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை என்று அவைத்தலைவர் தீர்ப்பளித்தார்.

நன்றியுரை: ஒப்பீட்டுக்காகக் கோடாலி இரவல் தந்த எதிர்வீட்டு அக்காவுக்கு நன்றி. ஆடிக் கூழுக்கு வேண்டும் என்று திருப்பிக் கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். அடிக்குறிப்புகள் முடியும்வரை தர இயலாது என்று தெரிவிக்கப்பட்டுள்ளது.