கட்டில்ல கெடக்கவும் ஒரு தெம்பு வேணும்லே

வாலே பேராண்டி, வா. பைய அங்கன திண்ணையில வை. முதுகுல தொங்குத அந்தக் கம்ப்யூட்டரையும் எறக்கு. அது ஒண்ணும் பச்சப்புள்ள இல்ல, எறக்கி விட்டா அழாது. லீவுக்கு வந்திருக்கன்னு ஒங்க ஆச்சி சொன்னா. ஒன் மொகத்துல அந்தக் களை ஒண்ணும் தெரியலியே.

என்னது, பிளானா? காலையில திருச்செந்தூரு, பதினோரு மணிக்கு மணப்பாடு, மத்தியானம் தேரி, சாயங்காலம் உவரி. ஏன், ராத்திரி சும்மாதான கெடக்கும்? எலங்கைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துரு.

மத்தியானம் தேரிக்குப் போறேன்னு சொன்ன பாரு, அதுலதான் எனக்குச் சிரிப்பு தாங்கல. வைகாசி மாசம் உச்சியில குதிரைமொழித் தேரியில கால் வச்சிருக்கியா? அந்தச் செவந்த மண்ணுல ஆட்டுக்காரனே ஆட்ட உடமர நெழல்ல மடக்கிட்டு ஒக்காந்திருப்பான். ஆட்டுக்குத் தெரிஞ்ச நியாயம் எஞ்சினியருக்குத் தெரியாண்டாமா?

கேளு. மணி பன்னெண்டுன்னு ஒன் கைக்கடியாரம் காட்டுதுல்லா, அது நம்ம ஊரு பன்னெண்டே இல்ல. வடக்க அலகாபாத் பக்கம் பொழுது உச்சிக்கு வாரத வச்சு, 1906-ல வெள்ளக்காரன் நாடு முச்சூடுக்கும் ஒரே மணின்னு வச்சிட்டான். நம்ம ஊருக்குப் பொழுது உச்சிக்கு வர அதுக்கு மேல இருவது நிமிசம் கிட்ட ஆவும். ஆக, தெனமும் இருவது நிமிசம் அலகாபாத்துக்காரன் ஒனக்குக் கடன் வச்சிருக்கான். மத்தியானத் தூக்கத்துல அத வட்டியோட வசூல் பண்ணு. மேனேசர் கேட்டா பூகோளம்னு சொல்லு.

இன்னொண்ணும் சொல்லுதேன். சித்திரை பொறக்கதை ஒட்டி ஒரு நாளு, நம்ம முத்தத்துல கம்ப நட்டு வச்சிப் பாரு. உச்சியில அதுக்கு நெழலே இருக்காது. நேரா தலைக்கு மேல நிக்கும் பொழுது. மெட்ராசுல அது நடக்க இன்னும் பத்து நாளைக்கு மேல ஆவும். இங்க ஆவணியில இன்னொருக்க வரும். நெழலே வேலைக்கு வராத நேரத்துல ஒனக்கு என்னலே வேல? பொறவு மே மாசம் 4-ந்தேதி வாக்குல கத்திரி தொடங்கும், 28 வாக்குல முடியும். அந்த நாள்ல வெளிய அலையுதவன சுறுசுறுப்பானவன்னு எங்க காலத்துல சொன்னதில்ல. வெயில் தலைக்கு ஏறிட்டுன்னுதான் சொல்லுவோம்.

சரி, படு. அங்க இல்ல, அது பிளாஸ்டிக் கட்டிலு, முதுக வேக வச்சிரும். இந்த நார்க் கட்டில்ல படு. பனநார்ல பின்னுனது. அடியில இருந்து காத்து வரும். வேப்பமரத்துக்குக் கெழக்கால இழுத்துப் போட்டா மத்தியானத்துக்கு மேல நெழல் தானா ஒன்ன நோக்கி வரும். மேக்கால போட்டுட்டா நீ நெழலத் தொரத்திக்கிட்டு கட்டிலோட அலையணும். சோம்பேறிக்கு இந்தக் கணக்கு முதல்ல தெரியணும். தெரியாதவன் பாடுபட்டே சாவான்.

படுத்தாச்சா? இப்ப போன எடுக்க. வை அத கீழ. கட்டில்ல கெடந்துக்கிட்டு எவனோ கோவாவுல கட்டில்ல கெடக்கதைப் பாக்கியே, இந்தக் கட்டிலு என்ன பாவம் பண்ணுச்சு?

அன்னா பாரு, வடலிக்கு அப்பால நிக்கே பனை. 1978-ல இருந்து அதுதான் மாநில மரம். பட்டம் குடுத்ததுக்காவ அது ஒரு அங்குலம் கூட வேகமா வளரல. வெதச்சி பன்னெண்டு பதினஞ்சு வருசம் ஆவும் பாளை வர. அதுவரைக்கும் தான் ஆணா பொண்ணான்னே யாருக்கும் சொல்லாது. அவ்வளவு அழுத்தம். பாளையச் சீவுனா பதனி. சீவாம விட்டா பொட்டப் பனையில நுங்கு. நுங்க வெட்டாம விட்டா ஆவணி வாக்குல பழம். அந்தப் பழத்துக் கொட்டையப் புதைச்சு வச்சா தை மாசம் பொங்கலுக்குக் கெழங்கு. விட விட ஒண்ணொண்ணா குடுத்துக்கிட்டே இருக்கும். நீ விட மாட்டங்கியே. ஒரு மணி நேரம் சும்மா கெடந்தா அதுல என்ன மொளைக்கும்னு பாக்கக்கூட ஒனக்குப் பொறுமை இல்ல.

நுங்கு திங்கத் தெரியுமா? ஸ்பூன் கேட்டன்னா இப்பவே பஸ் ஏத்தி விட்டுருவேன். தலைய சீவித் தருவாவ, உள்ள மூணு கண்ணு இருக்கும். கட்டவெரல உள்ள விட்டு ஒரு நெம்பு. தண்ணி மூஞ்சியில பீச்சும், சட்டையில வடியும். அது அப்பிடித்தான். சட்டையில கறை இல்லாம நுங்கு தின்னவன நான் நம்ப மாட்டேன், அவனுக்குப் பொண்ணும் குடுக்க மாட்டேன். தோல எடுக்காம முழுங்குனா சூட்டுக்கு நல்லது. கோந்தைய எறிஞ்சிராத. ரெண்டு கோந்தைக்கு நடுவுல கம்பச் செருகி, கவட்டக் கம்பால தள்ளுனா வண்டி. ஒங்க அப்பன் முதல்ல ஓட்டுன வண்டி அதுதான். அதுக்குத் தவணை கட்டல.

கொல்லாம்பழம் கொண்டுவந்தா கொஞ்சம் உப்புத் தொட்டுக்க, இல்லன்னா தொண்டை கமறும். அத மெட்ராசுக்குக் கொண்டு போவலாம்னு நெனைக்காத. சாயங்காலம் ஆனாலே கெட்டுப்போவும். இங்கன இருந்தாதான் கெடைக்கும், அதுதான் அதுல விசேசம். கொட்டைய மட்டும் வறுத்து டப்பாவுல அடைச்சு ஒனக்கே யானை வெலைக்கு விக்கான்.

இப்ப ஒரு ரகசியம். ஆச்சி காதுல விழாமச் சொல்லுதேன், கிட்ட வா. சும்மா கெடக்கேன்னு கெடந்தா இந்த வீட்டுல பொழைக்க முடியாது. படுத்துக்கிட்டே செய்யுதாப்புல ஒரு வேலையப் புடிச்சு வச்சிக்கிடணும். அன்னா முத்தத்துல ஆச்சி கூழு வத்தலு பிழிஞ்சு காயப் போட்டிருக்கா பாத்தியா? அதுக்குக் காவலு நான்தான். இந்த நீளக் கம்பு எதுக்குன்னு நெனச்ச? கண்ண மூடிக்கிட்டு எப்பவாச்சும் ஒருக்க ஆட்டணும். காக்காய்க்கும் எனக்கும் ஒரு ஒப்பந்தம் உண்டு. மூலையில இருக்க நாலு வத்தல அது எடுத்துக்கிடும், மிச்சத்துக்கு வராது. அந்த நாலு வத்தல் கொறையுதது ஆச்சிக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும். கேக்க மாட்டா. இவ்வளவு வருசம் குடும்பம் பண்ணுனதுல மிஞ்சுன நாகரிகம் அது.

ஆனா ஒண்ணு சொல்லுதேன், இத வெளையாட்டுன்னு நெனைக்காத. ஆச்சி விடியக்காலம் அடுப்புல கூழு கிண்டுனதாலதான் நான் கம்ப ஆட்டிக்கிட்டுக் கெடக்கேன். பனையேறி இருட்டோட ஏறி, கலயத்துல சுண்ணாம்பு தடவி, பாளையச் சீவி எறங்குதான். சாயங்காலம் திரும்பவும் அத்தன மரமும் ஏறணும். ஒரு நாள் சீவாம விட்டா பாளை காஞ்சிரும், லீவு கெடையாது. எறக்குன பதனிய விடிலிக் குடிசையில வச்சு, அவன் வீட்டுக்காரி இந்த உச்சி வெயில்ல அடுப்பு எரிச்சுக் காய்ச்சணும். கூப்பதனி பதம் வந்ததும் செரட்டையில ஊத்தணும். அப்பதான் ஒனக்குக் கருப்பட்டிக் காப்பி. நாம நெழல்ல கெடக்க ஒவ்வொரு நாழியையும் யாரோ வெயில்ல நின்னு சம்பாதிச்சுக் குடுக்காவ. அதனால நாளைக்குக் காலையில அவன்கிட்ட போயி, பதனி என்ன வெல, கொறச்சுக்கிடக் கூடாதான்னு கேட்டன்னா, இந்தக் கம்பு காக்காய்க்கு மட்டும் உள்ளது இல்ல. சாப்ட்ட தட்டையும் நீயே கழுவி வச்சிட்டு வந்து படு. பாடு தெரியாம படுக்கதுக்குப் பேரு ஓய்வு இல்ல, திமிரு.

வெயில் தாழ்ந்ததும் ஆடுபுலி ஆடுவோம். திண்ணையில கோடு செதுக்கித்தான் கெடக்கு. எனக்கு மூணு புலி, ஒனக்குப் பதினஞ்சு ஆடு. புலி ஆட்டத் தாண்டி வெட்டும். ஆடு புலிய வெட்ட முடியாது, சுத்தி நின்னு நகர விடாம அடைக்கத்தான் முடியும். நீ அவசரக்காரன், பதினஞ்சு ஆட்டையும் எறக்குததுக்கு முன்னால ஓட்டத் தொடங்கிருவ. நான் ஒண்ணொண்ணா தின்னுக்கிட்டே கத சொல்லுவேன். நடுவுல ஆட்டுக்கு வச்ச புளியமுத்து ஒண்ணு காணாமப் போச்சுன்னா என்னையப் பாக்காத. வயசானவன், கை நடுங்கும்.

ராத்திரி தெருவுல பாய் விரிச்சுப் போடுவோம். கடக்காத்து வந்தா உண்டு, வராட்டி விசிறி. இன்னும் கொஞ்ச நாளுல குத்தாலத்துல சாரல் விழும். மழைய அங்க விட்டுட்டு வெறுங்காத்த மட்டும் இங்க அனுப்பும் அந்த மல. ஆனி ஆடியில அந்தக் காத்துல தேரி மண்ணு எழும்பிப் பறக்கும், சோத்துலயும் விழும். அதுக்குள்ள வந்த நீ கொஞ்சம் யோகக்காரன்தான்.

அப்ப தெக்க வெளிச்சம் தெரியும் பாரு, அந்தப் பக்கம்தான் குலசேகரப்பட்டினம். ராக்கெட் விடுததுக்கு 2024-ல அடிக்கல் நாட்டியிருக்கான். ஒன்ன மாதிரி படிச்ச புள்ளைங்கதான் எல்லாம். ஆனா அவன் அவசரப்பட மாட்டான் பாத்துக்க. கீழ்நோக்கி எண்ணிக்கிட்டே வருவான். காத்து சரியில்ல, மேகம் சரியில்லன்னா, இன்னிக்கு வேண்டாம்டே, நாளைக்குப் பாப்போம்னு நிப்பாட்டிருவான். கோடிக்கணக்குல துட்டு போட்ட ராக்கெட்டே காத்து சரியில்லன்னு படுத்துக்கிடுது. ஒனக்கு என்ன கேடு?

யாரு போன்ல? ஆபீசா? லீவ நீட்டணும்னா என்ன சொல்லணும்னு முழிக்க. பொய் சொல்லாத, நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கம் கெடையாது. தாத்தாவால கட்டில விட்டு எந்திரிக்கவே முடியலன்னு சொல்லு. நெசந்தான? எங்கிட்ட குடு வேணும்னா, நான் ரெண்டு இருமல் இருமுதேன்.