'இன்' படலம்: ஆங்கில முன்னொட்டுகள், விரிவுரையுடன்

ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் நின்று பொருளைத் திருப்பும் ஒட்டுகள் நான்கு வகைப்படும் என்பர்: சொன்னபடி கேட்பவை, கேட்காதவை, இரண்டுங்கெட்டான், 'இன்'. ஐந்தாவதும் உண்டு என்போர் கருத்தரங்கில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசியதால், அவர்கள் கூற்றை யாரும் கேட்கவில்லை.

முதல் வகை 'ரீ'. ரீசார்ஜ், ரீஃபில். மறுபடியும் என்று பொருள்; மறுபடியும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது 'டிஸ்'. லைக்கை டிஸ்லைக் ஆக்கும் வரை ஒழுங்காக நடந்துகொள்ளும். மனக்குறையோடு இருப்பவரைச் சொல்லும் 'டிஸ்கிரன்டில்ட்'டில் புத்தியைக் காட்டிவிடும். 'கிரன்டில்' என்ற பழைய வினைக்கே முணுமுணுத்தல் என்றுதான் பொருள்; 'டிஸ்' அதை மறுக்கவில்லை, இன்னும் ஏற்றிவிடுகிறது. பி.ஜி. வுட்ஹவுஸ் 1938இல் வந்த நாவலில், வேடிக்கைக்காக ஒட்டைக் கழற்றிவிட்டு 'கிரன்டில்ட்' என்று எழுதினார். மனநிறைவு என்ற பொருளில் அகராதிகள் அதையும் சேர்த்துக்கொண்டன.

மூன்றாவது 'அன்'. 'அன்லாக்கபிள்' கதவு என்றால் பூட்ட முடியாததா, பூட்டைத் திறக்க முடிவதா? இரண்டும்தான்.

இனி 'இன்'. 'இன்விசிபிள்' என்பதில் இன்மை. 'இன்கம்' என்பதில் உள்ளே. இந்த இரட்டை வேடம் உயிருக்கே உலை வைப்பது டேங்கர் லாரியின் முதுகில் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று சிவப்பில் எழுதியிருக்கும்போது. தீமூட்டு என்னும் லத்தீன் வினையில் பிறந்த சொல் அது. முதல் உரைகாரர் இதற்குத் 'தீப்பற்றாதது' எனப் பொருள்கொண்டு, லாரியருகே பீடி பற்றவைத்தார், அவ்வுரை முற்றுப்பெறவில்லை. இரண்டாமவர் மிகத் தள்ளி நின்று அதை மறுத்தார். மூன்றாமவர், கையிலிருந்தது பீடியா சுருட்டா என ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அவர் மாணவர், சுருட்டு என்றால் அது திருச்சிச் சுருட்டா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார். உதவித்தொகையும் தவறாமல் வருகிறது.

இந்த வாதம் முடியும் வரை தீ காத்திருக்காதே. 1920களில் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், 'இன்'னை வெட்டிவிட்டு 'ஃபிளேமபிள்' என்றே எழுதச் சொன்னது. மொழியியலாளர் பெஞ்சமின் லீ வோர்ஃப் சம்பளம் வாங்கியதும் ஹார்ட்ஃபோர்டில் ஒரு தீக்காப்பீட்டு நிறுவனத்தில்தான். 'காலி' பெட்ரோல் பீப்பாய் என்ற சொல்லை நம்பி, உள்ளே ஆவி நிற்பதை மறந்து பக்கத்திலேயே புகைப்பவர்களைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். சொல்லால் தீப்பிடிக்கும் என்பதைக் கண்டுகொள்ள அவருக்குப் பல்கலைக்கழகச் சம்பளம் தேவைப்படவில்லை.

எஞ்சியது 'பிரீ'. 'போஸ்ட்போன்' ஆகும் கூட்டத்தை முன்னுக்கு இழுக்க இந்திய அலுவலகங்கள் புழங்கும் 'பிரீபோன்' பற்றிய படலம், பெயருக்கேற்ப, சென்ற இதழிலேயே வந்துவிட்டது.