கயிறும் கடவுளும்

மடக்குக் கூரையைக் கட்டிவைக்கும் கலையை மட்டாஞ்சேரிச் சுற்றுலாப் படகுகளிடம் உலகம் கற்க வேண்டும். வெளிநாட்டார் பாவம்! மடித்த துணிக்கு உறை மாட்டி, வாரை இறுக்கி, குழாய்ச் சட்டத்துக்கு முட்டும் கொடுக்கிறார்கள். சட்டம் ஆடினால் கீல் ஆணி கழன்றுவிடுமாம். இங்கே ஒரு முழம் நைலான் கயிறு, போன தேர்தலின் கொடித்துணி, மீதிக்குக் கடவுள். இடவப்பாதி மழைக்காற்றில் சட்டம் தானே எழுந்து பயணிகளைத் தலைதலையாகத் தட்டி எண்ணிவிடுகிறது. டிக்கெட் பரிசோதகர் சம்பளம் மிச்சம்.

கொச்சித் துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காலத்து மட்டாஞ்சேரிப் பழைய துறைமுகப் பாலத்தில், படகுகள் போக நடுப்பகுதியையே தூக்க ஏற்பாடு இருந்தது. தீர்க்கதரிசி! கூரை எப்போது எழும் என்று யாருக்குத் தெரியும்?

படகுக்காரருக்குக் கட்டத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். லைஃப் ஜாக்கெட்டுகளைப் பாருங்கள்: ஒரே மூட்டை, மேலே மூன்று முடிச்சு. படகே கவிழ்ந்தாலும் ஒன்றுகூட அவிழாது.