க்யூ மாமா

யேமன் நாட்டின் மேல் க்யூ மாமாவுக்குத் தனிப் பிரியம். போனதில்லை, போகும் உத்தேசமும் இல்லை. அந்த ஊரில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் கும்பலாக உட்கார்ந்து ஒரு செடியின் இலையைக் கன்னத்தில் அடக்கி மெல்வார்கள். லேசாக ஒரு சுறுசுறுப்பு ஏறும். அந்த இலைக்குப் பெயர் ‘காத்’. ஸ்பெல்லிங்: க்யூ, ஏ, டி. யூ கிடையாது. மாமாவின் பிரியத்துக்கு அது போதும்.

ஸ்க்ராபிள் ஆடியவர்களுக்கு இந்தப் பிரியம் புரியும். பையில் 100 கட்டைகள். அதில் க்யூ ஒன்றே ஒன்று, மதிப்பு 10 பாயிண்ட். ஆனால் ஆங்கிலத்தில் க்யூ, யூவின் துணையில்லாமல் வாசல் தாண்டாது. யூவோ மொத்தமே நாலுதான். ஆட்டம் முடியும்போது க்யூ கையிலேயே தங்கிவிட்டால் அந்த 10 பாயிண்ட் நம் கணக்கில் கழியும். அதனால் க்யூ வந்தவுடன் சாதாரண மனிதர்களுக்கு முகம் சுருங்கும். மாமாவுக்கு மட்டும் மீசை ஓரத்தில் ஒரு சிரிப்பு வரும்.

எல்லா அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். பணி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அசோசியேஷன் அறையில் போர்டோடு ஆஜராகிவிடுவார். மார்கழி என்றால் மப்ளரும் உண்டு. வாழ்நாளில் ஓர் ஆங்கில நாவலைக்கூட முழுதாகப் படித்ததில்லை. கேட்டால், “நீள நீளமா எழுதறான் சார்” என்பார். அவருடைய இலக்கியம் இரண்டெழுத்திலிருந்து ஐந்தெழுத்துக்குள் அடங்கிவிடும்.

அவர் வார்த்தை வைக்கும் அழகே தனி. கட்டைகளை ஓசைப்படாமல் அடுக்கிவிட்டு ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்ப்பார்.

“இது என்ன மாமா?”

“வார்த்தை, தம்பி.”

“அர்த்தம்?”

“சாலஞ்ச் பண்றியா?”

இங்கேதான் பலர் விழுகிறார்கள். அந்த அறையின் சட்டப்படி, சந்தேகப்பட்டு அகராதியைத் திறந்து வார்த்தை அதில் இருந்துவிட்டால், சந்தேகப்பட்டவருக்கு ஒரு வாய்ப்புப் போச்சு. தம்பி பின்வாங்குவான். அதன் பிறகுதான் மாமா அர்த்தம் சொல்வார், எஃப்.ஐ.ஆர். எழுதுகிற குரலில்: “கானாத். ஈரான்ல பூமிக்கடியில மலைத்தண்ணியக் கொண்டுவர்ற சுரங்க வாய்க்கால். யூ கிடையாது. உன் டர்ன்.”

இப்படியே அவருக்கு உலகம் முழுவதும் தெரியும். அது வேறு மாதிரியான பூகோளம். அதில் வியட்நாம் என்றால் போரல்ல, ‘ஸூ’ என்ற சில்லறைக்காசு. எக்ஸைத் தள்ளிவிட உதவுவது. ஸ்காட்லாந்தில் காதலிக்குப் பெயர் ‘ஜோ’; ஜே வந்தால் அவளைக் கூப்பிடலாம். வேல்ஸ்காரர்கள் ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஒன்றுமில்லாமல் சி, டபிள்யூ, எம் என்று எழுதிவிட்டு அதைப் பள்ளத்தாக்கு என்கிறார்கள். கையில் மெய்யெழுத்துகளாகக் குவிந்த நாளில் அவர்களே குலதெய்வம். எல்லாம் உயிரெழுத்தாக வந்தால் ஹவாய்க்குப் போவார். அங்கே கரடுமுரடான எரிமலைக் குழம்புக்கு இரண்டு ஏ போதும். இமயமலையில் எவரெஸ்ட் இருப்பது அவருக்குப் பொருட்டில்லை. யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த ‘ஸோ’ என்ற மாடு அங்கே இருக்கிறது. அதைப் பல ஸ்பெல்லிங்கில் எழுதலாம் என்பதில் அவருக்குப் பரம திருப்தி.

எல்லாவற்றுக்கும் மேல் சீனா. உடம்பில் ஓடும் உயிர்ச்சக்திக்குச் சீனர்கள் வைத்த பெயரை க்யூ, ஐ என்று எழுதி, ‘சீ’ என்று படிக்க வேண்டும். எழுத்தின் மதிப்பை மும்மடங்காக்கும் கட்டத்தில் க்யூவை நட்டு, குறுக்கே ஒரு ‘சீ’, நெடுக்கே ஒரு ‘சீ’ என்று அமைத்தால், 31 இரண்டு தரம், 62. மூன்றாவது மாடியில் ஆங்கிலப் பேராசிரியை ஒருவர் இருக்கிறார். ஷேக்ஸ்பியர் நடத்துகிறவர். அருமையான, கனமான சொற்களாகத் தேடித்தேடி 14, 16 என்று சேர்த்துக்கொண்டிருந்தார். மாமா இரண்டே கட்டையை வைத்து 62 எழுதிக்கொண்டார். அம்மையார் பொறுக்கமாட்டாமல் “ச்சீ!” என்றார். “உச்சரிப்பு கிட்டத்தட்ட சரி மேடம்” என்றார் மாமா.

அர்த்தம் தெரியாமல் ஆடுவது மொழிக்குச் செய்கிற துரோகமில்லையா என்று அந்த அம்மையாரே ஒருநாள் கேட்டார். மாமாவிடம் இதற்கு ஒரே பதில் உண்டு: நைஜல் ரிச்சர்ட்ஸ். நியூசிலாந்தில் பிறந்தவர். பிரெஞ்சு பேசத் தெரியாது. அகராதியை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் 2015-ல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை வாங்கிவந்தார். 2024-ல் ஸ்பானிஷ் பட்டம். அந்த மொழியும் பேசத் தெரியாது. மாமா இந்தக் கதையைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். “பேசத் தெரிஞ்சவன் பேசிட்டிருந்தான் மேடம். தெரியாதவன் ஜெயிச்சான்.”

ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸிடம் மட்டும் அவருக்கு ஒரு மனத்தாங்கல். வேலையில்லாத அமெரிக்கக் கட்டடக்கலைஞர் அவர். செய்தித்தாளின் முதல் பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணித்தான் கட்டைகளைப் பங்கிட்டார். எஸ் ஏராளமாக வரும் எழுத்து. ஆனால் ஆளாளுக்குப் பன்மை போட்டு ஆட்டத்தைச் சுலபமாக்கிவிடுவார்கள் என்று நாலோடு நிறுத்திக்கொண்டார். “நம்ம மேலே நம்பிக்கை இல்லே பாருங்கோ” என்பார் மாமா.

அதைவிடப் பெரிய மனத்தாங்கல் நம் சமையல் மேல். இட்லி அகராதியில் ஏறிவிட்டது, தோசையும் ஏறிவிட்டது. என்ன பிரயோஜனம்? நாலெழுத்து இட்லி 5 பாயிண்ட், நாலெழுத்து தோசையும் 5. யேமன்காரன் ஓர் இலையை மென்றே 12 தருகிறான். ஒரு ராத்திரி தட்டை முன்னால் வைத்துக்கொண்டு மாமியிடம் இதைப் புலம்பினார்.

“சாம்பார்?” என்றாள் மாமி.

மாமா விரல் விட்டு எண்ணினார். “10. ஆனா ஆதியில அது உள்ளே நுழைஞ்சது கடமான்ங்கிற அர்த்தத்துல.”

“நான் பருப்புதான் போட்டிருக்கேன். இட்லியோட சேர்த்து 15. ஆறறதுக்குள்ள சாப்பிடுங்கோ.”