சிரித்ததும் தங்கிவிடும் கோடுகள்

கேள்வி: கன்னம் வழவழவென்று இருக்கும்போதே கண்ணோரத்தில் மட்டும் முதலில் சுருக்கம் விழுவது ஏன்?
(வாசகி, காரைக்குடி)

பதில்: உடம்பிலேயே மிக மெல்லிய தோல் அங்கேதான். இமைத் தோலின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். எண்ணெய்ச் சுரப்பிகளும் குறைவு. அதற்கு அடியில், கண்ணைச் சுற்றி வளையம்போல ஒரு தசை ஓடுகிறது. கண்ணாடி முன் நின்று மனம்விட்டுச் சிரித்துப் பாருங்கள். வளையம் இறுக, கண்ணின் வெளியோரத்திலிருந்து விசிறிபோல மூன்று நான்கு கோடுகள் விரியும். இருபது வயதில் சிரிப்பு அடங்கியதும் கோடும் மறைந்துவிடும். மடிந்த தோலை நிமிர்த்துபவை உள்ளே இருக்கும் கொலாஜன், எலாஸ்டின் இழைகள். வயதாக ஆக அவை குறையும், நைந்துபோகும். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்த பட்டுப்புடவையைப் பிரித்தால் தெரியுமே, அதுபோலக் கோடு அங்கேயே குடியேறிவிடும்.

இதில் வயதுக்குக் கூட்டாளி வெயில். 2012இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 69 வயது லாரி ஓட்டுநரின் படம் வந்தது. 28 ஆண்டுகள் ஓட்டியவர். ஜன்னல் பக்கமிருந்த இடது முகம் ஆழமாகச் சுருங்கியிருக்க, வலது முகம் அவருடைய தம்பி முகம்போல இருந்தது! ஜன்னலை ஏற்றிவிட்டாலும் புற ஊதா 'ஏ' கதிர் கண்ணாடிக்குள் நுழைந்துவிடும். நம்மூரில் ஸ்டியரிங் வலப்பக்கம். நம் ஓட்டுநர்கள் வலது கண்ணோரத்தைக் கவனிக்கட்டும்.

ஆகவே, நல்ல கூலிங்கிளாஸ் ஒன்று வாங்குங்கள். கதிரையும் தடுக்கும், கண்ணை இடுக்கிப் பார்க்கும் வேலையும் மிச்சம்.