பார்த்ததற்குக் காசா?

எங்கள் அம்பாசிடருக்கு இரண்டு ஹெட்லைட். இடது பக்கத்து விளக்கு சாலையைப் பார்க்க. வலது பக்கத்து விளக்கு ஆர்.டி.ஓ. பார்க்க. 1980-களில் கும்பகோணத்தில் வக்கீலாக இருந்த அப்பா, அந்த வண்டியில்தான் தஞ்சாவூருக்கும் மாயவரத்துக்கும் வழக்கு நடத்தப் போய்வந்தார். தெருப் பையன்கள் அதற்கு 'சுக்கிராச்சாரியார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எதிரே லாரி ஓட்டி வருகிறவர், ஓரமாக ஏதோ புல்லட் வருகிறது என்று நம்பி நடு ரோட்டைப் பிடித்துக்கொண்டு வருவார். பக்கத்தில் வந்த பிறகுதான் புல்லட்டுக்கு இத்தனை அகலம் இருக்காதே என்று அவருக்குத் தோன்றும். அதற்குப் பிறகு அவர் சொல்லும் வார்த்தைகளை அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்காமல் இருப்பார்.

அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்கிறவர்களை அந்தக் காலத்து ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு ராத்திரி பாபநாசம் வரை ஓட்டச் சொல்ல வேண்டும். பல்பு 45/40 வாட். அதிலும் எதிரே வருகிறவர் கண் கூசக் கூடாது என்று கண்ணாடியின் மேல்பாதியில் கறுப்புப் பெயின்ட், அல்லது நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. மிஞ்சிய வெளிச்சத்தை வயல்காட்டுப் பூச்சிகள் மொய்த்துக்கொள்ளும். முன்னால் போகும் மாட்டு வண்டியை, அச்சில் தொங்கும் அரிக்கேன் விளக்கை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். டிம், பிரைட் மாற்றும் சுவிட்ச் காலடியில், கிளட்சுக்குப் பக்கத்தில் இருக்கும். அப்பா அதை இடது காலால் மிதிப்பார். டிம்முக்கும் பிரைட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் மிதித்தது மரியாதை; எதிரே வருகிறவருக்கும் அது தெரியும்.

வலது விளக்கு முழுசாகச் செத்துவிடவில்லை. போட்டால் இழை மட்டும் சிவந்து தெரியும்; அவ்வளவுதான். ஏ.ஆர்.ஆர். சாலை, காந்தி பூங்கா என்று ஆளாளுக்கு ஒரு மெக்கானிக்கைச் சொன்னார்கள். கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் 'ஆட்டோ எலெக்ட்ரிகல்ஸ்' வைத்திருந்த பாயிடம் வண்டி போய்ச் சேர்ந்தது. கடை என்றால் ஒரு மர பெஞ்ச், ஒரு சார்ஜர், ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த ஒரு சட்டை. சட்டைக்குள் பாய்.

பாய் பானெட்டைத் திறக்கவில்லை. அப்பா உட்காரும் சீட்டில் உட்கார்ந்து லைட்டைப் போட்டார். டிம்மில்தான் இருந்தது. டாஷ்போர்டில், பிரைட் போட்டால் மட்டும் எரியவேண்டிய குட்டி விளக்கு, எரியலாமா வேண்டாமா என்று மங்கலாக மினுங்கிக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். இறங்கி வந்து, "எர்த் பிடிக்கல சார்" என்றார்.

அதெப்படி என்று அப்பா குறுக்கு விசாரணை செய்தார். பாய் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஹெட்லைட் பல்புக்கு மூன்று கால். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக எர்த் ஒன்று. பேட்டரியிலிருந்து வந்த கரண்ட் பல்பு வழியாக எர்த்துக்குப் போய், வண்டியின் உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்த வாசல் அடைபட்டால் கரண்ட் சும்மா இருக்காது. டிம் இழைக்குள் போனது, அதே பல்பின் பிரைட் இழை வழியாகப் பின்வாசலில் வெளியேறி, பிரைட் ஒயரைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்து ஹெட்லைட்டின் பிரைட் இழைக்குள் நுழைந்து, அங்கே இருக்கும் நல்ல எர்த்தைத் தேடிக்கொள்ளும். ஒரே 12 வோல்ட்டை மூன்று இழைகள் பங்கு போட்டுக்கொள்வதால் எதுவும் உருப்படியாக எரியாது. போகிற வழியில் டாஷ்போர்டு விளக்கையும் லேசாகத் தொட்டுவிட்டுப் போகும். பாய் பார்த்தது அதைத்தான்.

ஆறு மாதம் முன்னால் வண்டிக்குப் பெயின்ட் அடித்திருந்தோம். எர்த் ஒயர் உட்காரும் திருகுக்கு அடியிலும் பெயின்டர் தாராளமாக அடித்துவிட்டார். பாய் திருகைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு வெளுக்கும் வரை தேய்த்து, ஒயரின் வாயையும் சுரண்டி, மறுபடி முறுக்கினார். அவருடைய ஒரே கருவி, ஹோல்டரில் ஒரு பழைய பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர், ஒன்றின் முனையில் ஊசி, மற்றதன் முனையில் முதலை கிளிப். அதற்கு டெஸ்ட் லைட் என்று பெயர். கிளிப்பைப் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, ஊசியால் எர்த்தைத் தொட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது. சுக்கிராச்சாரியாருக்குக் கண் வந்தது.

இதற்கு மேல்தான் விஷயமே இருக்கிறது. பாய் அப்படியே விட்டுவிடவில்லை. நன்றாக இருந்த பல்பைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் டப்பாவில் போட்டுவிட்டு, அட்டைப்பெட்டியிலிருந்து புது பல்பு ஒன்றை எடுத்து மாட்டினார். "பல்பும் மாத்திட்டேன் சார்" என்றார். அப்பா பல்புக்குக் காசு கொடுத்தார். டீயும் வாங்கிக் கொடுத்தார்.

பழைய பல்பு நல்ல பல்பு என்று அப்பாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியும் என்று பாய்க்கும் தெரியும். ஆனால் அது இல்லாவிட்டால் பாய் எதற்குக் காசு கேட்பார்? உப்புத்தாள் கால் ரூபாய் பெறாது. 'எர்த்' என்று கண்டுபிடித்ததற்குக் கேட்டால், "பார்த்ததற்குக் காசா?" என்று அப்பா உண்மையாகவே ஆச்சரியப்பட்டிருப்பார். இத்தனைக்கும் அவர் கட்சிக்காரரின் கட்டைப் புரட்டிவிட்டு, "இந்தக் கேஸ் நிக்காதுய்யா" என்று நாலு வார்த்தை சொல்வதற்குப் பீஸ் வாங்கியவர். எங்கள் குடும்ப டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்ததற்கு வாங்குவார். ஜோசியர் ஜாதகக் கட்டத்தைப் பார்த்ததற்கு வெற்றிலை பாக்கோடு வாங்குவார். பார்த்ததற்குக் காசு வாங்கக் கூடாத ஒரே ஆள், கையில் கிரீஸ் ஒட்டியிருப்பவர்.

அம்பாசிடர் உத்தரபாராவில் 2014 மே மாதத்தோடு நின்றது. அதே ஆண்டு அக்டோபரில், நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் வந்த பிறகுதான் வெள்ளை எல்.இ.டி. சாத்தியமாயிற்று, அது பிறகு என் காருக்கும் வந்தது. இப்போது நான் சென்னையில், மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். இருட்டிவிட்டால் லைட் தானே எரிகிறது. வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. எனக்கு எல்லாம் தெரிகிறது, எதிரே வருகிறவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. டிக்கியில் பாரம் ஏற்றினால் விளக்கைத் தாழ்த்துவதற்கு 0, 1, 2, 3 என்று ஒரு திருகு கொடுத்திருக்கிறார்கள். அது ஏ.சி. என்று நினைத்துத் திருப்புகிறவர்களே அதிகம். 2017 ஏப்ரலிலிருந்து வரும் புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்சே கிடையாது. ஆனாலும் பகலில் எதிரே வருகிற பெரியவர்கள் இன்றும் விரலை விரித்து மூடி, "தம்பி, லைட் எரியுது!" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

என் காரிலும் ஒரு நாள் விளக்கு படுத்துவிட்டது. இந்தத் தடவை இடது பக்கம். எரியும், துடிக்கும், அணையும். பிறகு ஒரேயடியாக அணைந்துவிட்டது. வண்டியைக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு விட்டேன். ஏ.சி. ஹால், கண்ணாடித் தடுப்பு, காபி மெஷின். இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு தம்பி டேப்லெட்டோடு வந்தார். "லெஃப்ட் லைட் எரியல" என்றேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி திரும்பி வந்து, "லெஃப்ட் லோ பீம் சர்க்யூட் ஓப்பன் சார்" என்றார்.

"அப்படின்னா?"

"லெஃப்ட் லைட் எரியல சார்."

"அதைத்தானே நானும் சொன்னேன்?"

"நீங்க சொன்னதை சிஸ்டம் கன்ஃபர்ம் பண்ணியிருக்கு சார்."

தம்பியைக் குறை சொல்ல முடியாது. இன்றைய காரில் சுவிட்ச் விளக்குக்குக் கரண்ட் அனுப்புவதில்லை; மனுதான் போடுகிறது. வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டி மனுவைப் பரிசீலித்து, விளக்குக்குக் கரண்ட் விடும். எவ்வளவு கரண்ட் போகிறது என்றும் அளக்கும். போகவேண்டிய அளவு போகாவிட்டால் 'ஓப்பன்' என்று எழுதி வைத்துக்கொள்ளும். ஒயர் அறுந்திருந்தாலும் அதே குறிப்புதான், எர்த் பிடிக்காவிட்டாலும் அதேதான், விளக்கே செத்திருந்தாலும் அதேதான். இந்தப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறையை ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1986-இல் உலகுக்கு அறிவித்தது. முறுக்கிய இரண்டே ஒயரில் வண்டி முழுக்கப் பேச்சுவார்த்தை நடக்கிறது. என்ன நடந்தது என்று அது சொல்லும். ஏன் நடந்தது என்று ஒரு ஆள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

அவர்கள் பார்க்காமலும் இல்லை. விளக்கின் கனெக்டரைப் பிடுங்கி, மல்டிமீட்டரை வைத்தார்கள், 12.4 வோல்ட் காட்டியது. எர்த்தைச் சோதித்தார்கள்; மீட்டர் 'பீப்' என்றது. கரண்ட் வருகிறது, எர்த் இருக்கிறது, ஆகவே விளக்குதான் போய்விட்டது என்று முடிவு கட்டினார்கள். எல்.இ.டி. என்பதால் பல்பு மட்டும் மாற்ற முடியாது. கண்ணாடி, கூடு, உள்ளிருக்கும் மின்பலகை எல்லாம் சேர்ந்த மொத்த அசெம்பிளி. வரியெல்லாம் சேர்த்து 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட். கீழே லேபர் என்று தனி வரி இருந்தது. கழற்றுவதற்கு இவ்வளவு, மாட்டுவதற்கு இவ்வளவு. யோசித்ததற்கு என்று ஒரு வரி இல்லை.

மொத்தமாக மாற்றுவது என்பதும் இந்தக் காலத்துக் கொள்ளை என்று திட்டுவதற்கில்லை. 1940-இலேயே அமெரிக்காவில் சீல்டு பீம் வந்துவிட்டது. கண்ணாடி, ரிஃப்ளெக்டர், இழை எல்லாம் சேர்த்து மூடிய ஒரே உருண்டை. இழை போனால் உருண்டையையே தூக்கிப் போட வேண்டியதுதான். நம் ஊர் வண்டிகளிலும் அது இருந்தது. அப்போது விலை குறைவாக இருந்ததால் அதைத் தத்துவமாகப் பேச யாருக்கும் தோன்றவில்லை.

எஸ்டிமேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எங்கள் தெருக்கோடியில் கடை வைத்திருக்கும் ஒரு இளைஞரிடம் போனேன். டிப்ளமோ படித்தவர். போனிலேயே ஸ்கேனர் வைத்திருக்கிறார். 'ஓப்பன்' என்ற அந்தக் குறிப்பைக் கேட்டுவிட்டு, "சரிங்க சார், அது எரியலன்னு சொல்லுது" என்று போனை ஓரமாக வைத்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தார். ஹோல்டரில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, இரண்டு ஒயர்.

"இதை இப்போ கண்ட ஒயர்லயும் குத்தக்கூடாது சார், பெட்டி போயிடும். லைட் ஒயர்ல மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு, விளக்கின் கனெக்டரில் அதை மாட்டி, லைட்டைப் போடச் சொன்னார். பல்பு சிவந்ததோடு சரி. மீட்டரின் ஒரு முனையை எர்த் பின்னிலும் மற்றதைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்தார். 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாத இடத்தில் 5 வோல்ட் காட்டியது. மீட்டர் மட்டும் வைத்துப் பார்த்தால் அது ஒயரிடம் கரண்ட் கேட்பதே இல்லை. ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12 வோல்ட் என்று நல்ல பெயர் கொடுத்துவிடும். பல்பு போல வேலை வாங்குகிற ஒன்றை மாட்டினால்தான் ஒயரின் வண்டவாளம் தெரியும்.

எர்த் ஒயரைத் தடவிக்கொண்டே போனவர், பம்பருக்குப் பின்னால் ஒரு இடத்தில் நின்றார். எலி. மேலுறையைக் கடித்து, செம்பு இழைகளில் பாதிக்கு மேல் தின்றிருந்தது. மிஞ்சிய இழைகளில் ஈரம் இறங்கிப் பச்சை பூத்திருந்தது. தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. நான் வண்டி நிறுத்துவது பிள்ளையார் கோயில் மதிலோரம். அவர் வாகனம் என் வாகனத்தைப் பதம் பார்த்ததில் முறையீடு செய்ய இடமில்லை. இளைஞர் கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்து, புது ஒயரைப் பற்றவைத்து, உறை போட்டுச் சுருக்கி, டேப் சுற்றினார். விளக்கு எரிந்தது. 38,000 ரூபாய் விளக்கு, கொஞ்சமும் வெட்கப்படாமல் பளிச்சென்று எரிந்தது.

அவர் கடையில் ஒரு போர்டு: 'செக்கிங் சார்ஜ் 500 ரூபாய்.' ஒயருக்கும் டேப்புக்கும் தனியாக 40. பாய் கேட்காத காசு இது. கேட்க முடியாததால்தான் அவர் பல்பு விற்றார். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லாத தொழிலில் யாரும் கண்டுபிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பொருளை விற்கப் பழகிக்கொள்வார்கள். ஏ.சி. ஹாலில் இருப்பவர்களும் நம்மிடம் கற்றுக்கொண்ட பாடத்தைத்தான் நடத்துகிறார்கள், விலைப்பட்டியல் மட்டும் வேறு.

நான் ஜி-பே பண்ணிக்கொண்டிருந்தபோது எனக்கு முன்னால் வந்திருந்தவரின் வண்டி முடிந்திருந்தது. அவருக்கும் ஹெட்லைட்தான். கனெக்டரைச் சுத்தம் செய்து, பின்னை அழுத்திவிட்டதில் சரியாகிவிட்டதாம். அவர் போர்டைப் படித்துவிட்டுக் கொதித்தார். "சும்மா ஒரு பின்னை அமுக்கிவிட்டதுக்கு ஐந்நூறா? என்னப்பா அநியாயமா இருக்கு!"

இளைஞர் கோபப்படவில்லை. "வேணாம்னா விடுங்க சார். லைட்டையே புதுசா மாத்திடலாமா?" என்றார்.

அவர் குரல் சட்டென்று தணிந்தது. "அது எவ்வளவு ஆகும், தம்பி?"