வெயிலுக்குப் பதினாறு, பூச்சிக்கும் பதினாறு

திருத்தணியில் கேமராவுக்கு நாலே வேலைதான் இருந்தது. 1980-களைச் சொல்கிறேன். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை வீறிட்டு அழும்போது ஒன்று. ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி சுமந்து வந்தவர் அதை இறக்குவதற்கு முன் விறைத்து நிற்கும்போது ஒன்று. கல்யாணத்தில் மாலையும் கழுத்துமாக ஒன்று. கடைசியாக, நாற்காலியில் சாய்த்துக் கட்டி, நெற்றியில் காசு வைத்து ஒன்று. அதற்குப் பிறகு அந்த ஆளுக்குப் படம் தேவைப்படாது. நாளுக்கொரு படியாக 365 படி கொண்ட மலைக்குக் கீழே, ஸ்டுடியோக்காரர்கள் இந்த நாலை நம்பித்தான் பிழைத்தார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், எருக்கஞ்செடியில் உட்கார்ந்திருக்கும் வெட்டுக்கிளியைப் படம் எடுக்க என்ன செட்டிங் வைக்க வேண்டும் என்று ஒரு வேலையற்ற பட்டதாரி போய்க் கேட்டால்?

"இன்னா நைனா, பொண்ணு கெடைக்கலன்னு பூச்சியப் புடிக்கிறியா?" என்றார் ஸ்டுடியோ அண்ணன்.

1960 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர் எங்களுடையது. ம.பொ.சி. போராடி எல்லையை மாற்றினார். 'நைனா'வை யாராலும் மாற்ற முடியவில்லை.

சிரித்து முடித்த பிறகு அண்ணன் தன் மொத்த வித்தையையும் ஒரே மூச்சில் சொல்லிக் கொடுத்தார்: "வெயிலுக்குப் பதினாறு, மந்தாரத்துக்கு எட்டு, வீட்டுக்குள்ள ஃப்ளாஷ்." நூறு ஏ.எஸ்.ஏ. பிலிம், ஷட்டர் 125-இல் ஒன்று, நல்ல வெயிலென்றால் எஃப் 16. உலகம் முழுக்கப் புகைப்படக்காரர்கள் சொல்லி வந்த கணக்குதான் அது. அண்ணன் சொல்லும்போது மட்டும் அது அவருக்கு முருகன் கனவில் வந்து சொன்னதுபோல இருக்கும்.

என்னிடம் இருந்தது கை மாறி வந்த ஒரு ஜெனிட். சோவியத் சரக்கு, கழுத்தில் மாட்டினால் கழுத்து குனியும். நெற்றியில் செலினியம் மீட்டர், அதனால் பேட்டரிச் செலவு இல்லை. 58 எம்.எம். ஹீலியோஸ் லென்ஸ். அரை மீட்டருக்குக் கிட்டே போனால் அதற்குக் கண் தெரியாது. அரை மீட்டரிலிருந்து எடுத்த படத்தில் எருக்கஞ்செடி அழகாக விழும். வெட்டுக்கிளி எங்கே என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும்.

மருந்து எளிது. லென்ஸைக் கழற்றித் தலைகீழாக மாட்டினால் போதும். வெளியே பார்க்க வேண்டிய முகம் உள்ளே பார்க்கும். தூரத்துப் பொருளைச் சின்னதாக்கும் கண்ணாடி, கிட்டத்துப் பொருளைப் பெரிசாக்கும். பூச்சி தன் நிஜ அளவுக்கே ஏறக்குறைய பிலிமில் விழும். மாட்டுவதற்கு ஒரு வளையம் வேண்டும். அரக்கோணத்தில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து கொடுத்தார்கள். எந்த மோட்டாருக்கு என்று கேட்டார்கள். வெட்டுக்கிளிக்கு என்று சொல்லவில்லை; கூலியை ஏற்றிவிடுவார்கள்.

லென்ஸைக் கவிழ்த்ததும் அண்ணனின் சூத்திரம் செத்தது. நிஜ அளவுக்குப் படம் விழும்போது பிலிமுக்கு வந்து சேரும் வெளிச்சம் கால் பங்காகிவிடும். அதாவது இரண்டு ஸ்டாப் நஷ்டம். வெயிலுக்குப் பதினாறு என்பது வெயிலுக்கு எட்டு என்றாகிவிடும். எட்டில் வைத்தாலோ, தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்தான். வெட்டுக்கிளியின் ஒரு கண்ணைப் பிடித்தால் இன்னொரு கண் பனிமூட்டத்துக்குள் போய்விடும். பதினாறில் வைத்தால் இரண்டு மில்லிமீட்டர் கிடைக்கும், வெளிச்சம் கிடைக்காது. ஷட்டரைக் குறைத்தால் வெளிச்சம் கிடைக்கும்; நகரியிலிருந்து காற்று அடித்துச் செடி ஆடும்.

ஆகவே ஃப்ளாஷ். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. வழிகாட்டு எண் 20 என்றால், கால் மீட்டர் தூரத்தில் துளை 80. உருப்பெருக்கத்துக்கு இரண்டு ஸ்டாப் கழித்தால் 40. ஃப்ளாஷ் முகத்தில் மடித்துக் கட்டும் வெள்ளைக் கைக்குட்டைக்கு இன்னும் இரண்டு ஸ்டாப் கழித்தால் 20. லென்ஸில் கடைசி எண் 16; மிச்சத்தை நெகட்டிவ் பிலிம் மன்னித்துவிடும். ஜெனிட்டில் ஃப்ளாஷ் போட்டால் ஷட்டர் 30-இல் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. பரவாயில்லை, நிழலில் ஃப்ளாஷ் மின்னும் அந்தக் கணம்தான் ஷட்டர். அது ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் குறைவு. தும்பியின் சிறகுகூட நின்றுவிடும்.

இத்தனை இயற்பியலுக்கும் பிறகு, வந்து சேர்ந்த எண் பதினாறு. அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "நா அப்பவே சொன்னேன்ல?" என்றார்.

ஃபோகஸ் வளையத்தைத் தொடக்கூடாது என்பதும் அப்போதுதான் புரிந்தது. துளையை முழுசாகத் திறந்து பார்த்து, வளையத்தை முறுக்கிப் பதினாறுக்கு மூடினால், கண்ணாடிக்குள் அமாவாசை இருட்டு. அந்த இருட்டில் மூச்சை விட்டு, உடம்பையே முன்னும் பின்னும் ஒரு நூல் அசைத்து, பூச்சியின் கண் பளிச்சென்று வரும் கணத்தில் அமுக்க வேண்டும். மார்கழி விடியலில் இது கொஞ்சம் சுலபம். குளிரில் பூச்சிகளுக்கு உடம்பு சூடேறாது. வேலிக் கம்பியில் தும்பி பனித்துளியோடு அப்படியே இருக்கும். டிசம்பர் 31 படித்திருவிழாவுக்கு ஊரே மலையேறும்போது நான் வேலியோரம் மண்டியிட்டிருந்தேன். எனக்கும் ஏதோ வேண்டுதல் என்று பார்த்தவர்கள் நினைத்ததால் யாரும் தொந்தரவு செய்யவில்லை.

பிலிம் ஊட்டியிலிருந்து வந்தது. அரசாங்க நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-இலிருந்து தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருள். 36 படம். மஞ்சளும் நீலமுமாக வரி போட்ட எருக்கு வெட்டுக்கிளியைச் சாம்பல் நிறத்தில் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு. என்ன கலருடா இது?"

அந்தக் கேள்விக்கு ஆறுதலாக எனக்கு ஒரு முன்னோர் இருந்தார். சென்னையில் மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் பாகங்களை ஒட்டுப்போட்டுத் தனக்கென்று ஒன்றைச் செய்து, அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்து, யானைகளைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தவர். லேத்தில் கடைந்த வளையத்தை அவருடைய பரம்பரையில் சேர்த்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன்.

பூச்சியின் பெயர் தெரிய வேண்டுமென்றால் புத்தகம்தான். டி. பெயின்பிரிக் ஃப்ளெட்சர் 1914-இல் சென்னை அரசு அச்சகத்தின் வழியே வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய பெரிய நூல் ஒன்று உண்டு. பயிருக்கு யார் எதிரி என்று பார்ப்பதுதான் அதன் நோக்கம். என்னிடம் போஸ் கொடுத்தவர்களில் பலர் அதில் குற்றவாளிகளாக இருந்தார்கள்.

எனக்குச் செட்டிங் கற்றுக் கொடுத்த உண்மையான வாத்தியார் அரளிச் செடியில் தொங்கினார். பூமாலைக்கென்று வளர்த்த அரளி. அதன் இலைகளைத் தின்று வளரும் கருப்பு வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு, இலைக்கடியில் பாதரசம் பூசியதுபோல் பளபளவென்று தொங்கும். பறக்காது, ஓடாது, ஏறக்குறைய ஒரு வாரம் இடம் மாறாது. எட்டில் ஒன்று, பதினொன்றில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று நோட்டில் எழுதி எழுதி எடுக்கலாம். ஒரே சிக்கல், அது கண்ணாடி. வெறும் ஃப்ளாஷ் அடித்தால் நடுவயிற்றில் ஒரு வெள்ளை ஓட்டை விழும். கைக்குட்டையை அகலமாக விரித்துக் கிட்டே கொண்டுவந்தால் ஓட்டை மறைந்து, வளைவெல்லாம் வெள்ளியாகத் துலங்கும். வெளிச்சம் எவ்வளவு என்பதைவிட எவ்வளவு அகலம் என்பதே விஷயம் என்று அந்தப் புழு கற்பித்தது.

கண்ணாடி என்பதால் எதிரே இருப்பதும் அதில் தெரியும். பிரிண்டில் உற்றுப் பார்த்தால், புழுவின் வயிற்றில் கோணலாக ஒரு ஆள், கையில் கைக்குட்டை, பின்னால் துணிக்கொடி. பெரிய பிரிண்ட் ஒன்று போடச் சொல்லிக் கொடுத்தேன். அண்ணன் மெனக்கெட்டுப் போட்டுக் கொடுத்தார். ஆளைக் காணோம்.

"நடுவுல ஒரு கறை இருந்திச்சி நைனா. டச்சிங் பண்ணி எடுத்துட்டேன். காசு வேணாம்."

அந்தப் பிரிண்டைத் தெருவில் காட்டினேன். "நம்ம ஊர் பூச்சியா இது? ஃபாரின் புக்கப் பாத்துப் படம் புடிச்சிருக்கான்" என்று தீர்ப்பாகிவிட்டது. மறுக்க என்னிடம் இருந்த ஒரே சாட்சியைத்தான் அண்ணன் பென்சிலால் அழித்திருந்தார்.

இப்போதைய கதைக்கு வருவோம்.

இன்று என் கையில் இருக்கும் கேமராவுக்குக் கழுத்து குனிவதில்லை. 100 எம்.எம். மேக்ரோ லென்ஸ்; எதையும் கவிழ்க்க வேண்டாம். எடுத்த கணமே பின்திரையில் படம். வண்ணம் உண்டு, அம்மாதான் இல்லை. 2022-இல் வந்த சோனி ஏ7ஆர்-5 கேமராவில், ஃபோகஸ் தேடிப் பிடிக்கும் பட்டியலில் மனிதர், விலங்கு, பறவையோடு பூச்சியும் இருக்கிறது. நான் மண்டியிட்டுக் கற்றதை அது பெட்டியிலிருந்து எடுத்த அன்றே செய்கிறது. பெயர் வேண்டுமென்றால் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தை ஏற்றினால் போதும். ஃப்ளெட்சரைப் புரட்டும் நேரத்தில் யாராவது ஒருவர் உலகத்தின் மறுமூலையிலிருந்து திருத்தியும் விடுகிறார்.

பழைய ஆசை ஒன்றும் நிறைவேறிவிட்டது. கொம்பிலிருந்து வால் வரை முழுப் பூச்சியும் தெளிவாக வர வேண்டுமானால், ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படம் எடுத்து, கணினியில் அடுக்கிச் சேர்க்கலாம். பெயர் ஸ்டாக்கிங். நிபந்தனை, அதுவரை பூச்சி அசையக் கூடாது. அதற்காக அதை ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பவர்களும் உண்டு. மார்கழி வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு மார்கழி இப்போது முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இன்னொரு பக்கம், போன்கள். நல்ல தெளிவாக விழுந்த படத்தின் பின்புறத்தை அவை கணக்குப் போட்டு மங்கலாக்குகின்றன. அன்று மங்கலை ஒழிக்க நான் லேத் பட்டறைக்குப் போனேன். இன்று அதே மங்கலைச் சேர்த்துக் கொடுப்பதற்குப் போன் கம்பெனி விளம்பரம் செய்கிறது.

செட்டிங் மட்டும் இன்னும் மர்மமாகவே இருக்கிறது. படத்தைப் பார்க்கும் இளைஞர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "செட்டிங்ஸ் என்ன சார்?" ரசம் நன்றாக இருந்தால் மிளகு எத்தனை என்று எண்ணிக் கேட்பதுபோல. மறைக்க ஒன்றுமில்லை. மேனுவல். ஐ.எஸ்.ஓ. 200. ஷட்டர் 160-இல் ஒன்று. எஃப் 11. ஃப்ளாஷ், அதன் முன்னால் வளைத்து ஒட்டிய டிரேசிங் பேப்பர். பதினாறுக்கும் மேலே துளையைச் சுருக்கினால் ஒளி விளிம்பில் சிதறி எல்லாமே சற்று மழுங்கும். புதிய சென்சார்கள் அதைப் பிலிமைவிடக் கறாராகக் காட்டிக் கொடுக்கும். அதனால் ஒரு ஸ்டாப் முன்னதாகவே நிறுத்திக் கொள்கிறேன். ஆக, நாற்பது ஆண்டுத் தொழில்நுட்பப் புரட்சியில் என் பதினாறு பதினொன்றாகியிருக்கிறது.

கேட்டவர்கள் குறித்துக்கொண்டு போகிறார்கள். மறுநாள் நடுப்பகலில், ஃப்ளாஷ் இல்லாமல், அதே எண்களை வைத்து எடுத்துவிட்டு, "வரலை சார், உங்க கேமரா வேற மாடலா?" என்கிறார்கள். லென்ஸ் எவ்வளவு கிட்டே போயிற்று, ஃப்ளாஷ் எவ்வளவு தூரத்தில் இருந்தது, பேப்பர் எவ்வளவு அகலம் என்பது எந்த எண்ணிலும் இல்லை. அன்று என் நோட்டில் இதுவெல்லாம் இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை. இன்று கேமராவே துளை, ஷட்டர், தேதி, நேரம் எல்லாவற்றையும் படத்துக்குள் எழுதி வைக்கிறது. கைக்குட்டையை மட்டும் எழுதத் தெரியவில்லை.

எங்கள் தெருவில் வேலிகள் போய்க் காம்பவுண்டுச் சுவர்கள் வந்துவிட்டன. எருக்கு நின்ற இடத்தில் டைல்ஸ். அரளி மட்டும் தப்பியது. பூவுக்கு இன்னும் தேவை இருக்கிறது. போன மழைக்காலத்தில் அதன் இலைக்கடியில் அதே வெள்ளித் தொங்கல். பதினொன்று, 160, டிரேசிங் பேப்பர். திரையில் பார்த்தேன்; நிறைவாக இருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

சகலை முதலில் வந்தார். "சூப்பர்ங்க. எந்த ஆப்? ஏஐ தானே?"

இந்த முறை டச்சிங் செய்ய யாரும் இல்லை. "படத்தைப் பெரிசு பண்ணி நடு வயித்துல பாருங்க" என்று எழுதினேன். அதில் கோணலாக ஒரு ஆள் இருந்தார். தொப்பை, மடித்துக் கட்டிய லுங்கி, கையில் டிரேசிங் பேப்பர், பின்னால் துணிக்கொடி, அதில் துண்டு. எந்த நீதிமன்றமும் ஏற்கும் சாட்சி.

சகலை பெரிசாக்கிப் பார்த்தார் என்பது நீல டிக்குக்குப் பிறகு வந்த மௌனத்தில் தெரிந்தது. பிறகு பதில் வந்தது:

"அடேங்கப்பா, லுங்கிய மடிச்சுக் கட்டுனதுகூட அப்படியே போட்டிருக்கு. ஏஐ எங்கயோ போயிடுச்சுங்க."